பியூலாவுக்குப் பக்கத்து இடம்

டிசம்பர் 2, திங்கள்

நேற்று ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைக் குரு கிதியோன் ஐயர் வாசலில் என்னை நிறுத்தி, ஐக்கிய வாரத்துக்கு ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும் என்றார். ஜனவரி 18, சனிக்கிழமை மாலை. எங்கள் கோயில் வளாகத்தில் அருள்விளையின் மூன்று சபையாரும் கூடுவார்கள்: நாங்கள், ஆர்.சி. கோயிலார், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள பெந்தெகொஸ்தே ஜெபக்கூடத்தார். தலைப்பு, திருச்சபையும் அதன் ஒருமையும். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. எழுபத்தொன்பது வயதாகியும் எனக்கு அது வருவதில்லை.

ஆகவே இந்த நோட்டில் இனி வரப்போவது இரண்டு: கட்டுரைக்கான குறிப்புகள், என் மனைவி அன்னப்பழத்தைப் பற்றி டாக்டர் தினமும் எழுதச் சொன்ன அளவுகள். கட்டுரையின் வரிசை இப்படி இருக்கும்:

1. சபை என்பது மண்ணும் கல்லும் அல்ல, கூடிவருகிற மனிதர்கள். (இதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆகவே முதலில்.)

2. பிரிவுகள் உண்டான வரலாறு. சுருக்கமாக, யார் மனமும் நோகாமல்.

3. ஒழுங்கு. ஒவ்வொரு சபைக்கும் அதன் விதிகள் உண்டு. அவற்றைக் குலைக்காமல்தான் ஒருமையைப் பேச வேண்டும்.

4. சேர்ந்து செய்யக்கூடியவை: வெள்ள நிவாரணம், கண் சிகிச்சை முகாம், கிறிஸ்துமஸ் கீத பவனி.

5. முழு ஒருமை இனிமேல்தான் வர வேண்டும். நம் பிள்ளைகள் காணக்கூடும்.

அன்னப்பழம்: எடை 58.4 கிலோ. கணுக்கால் சுற்றளவு வலது 26, இடது 25½ செ.மீ. உடம்பில் நீர் சேர்கிறதா என்று பார்க்க எடையை மட்டும்தான் டாக்டர் கேட்டார். கணுக்காலை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

டிசம்பர் 5, வியாழன்

58.9. வலது 26½, இடது 26.

பாஸ்டர் எலிசா மூன்று பேருடன் ஜெபிக்க வந்தார். அன்னப்பழம் அவர்கள் சபையில் சேர்ந்து இருபத்தாறு வருடங்கள் ஆகின்றன. இருதயம் பலவீனமான பிறகு ஜெபக்கூடத்துப் படி ஏற முடியாததால் வியாழன்தோறும் அவர்கள் இங்கே வருகிறார்கள். அவர்கள் ஜெபிக்கும்போது நான் சமையலறையில் நிற்பேன். வீட்டை விட்டு வெளியே போவதில்லை, கூடத்துக்கு வருவதுமில்லை. கீரை ஆய்வேன். இன்று ஆய்ந்து முடித்த கீரையையே மறுபடியும் ஆய்ந்தேன்.

போகும்போது எலிசா, "ஐயா, நீங்களும் வந்து உக்காரலாம்லா, நாங்க கடிக்க மாட்டோம்" என்றார். சிரித்துவைத்தேன்.

டிசம்பர் 7, சனி

டவுனுக்குப் போய் டாக்டரைப் பார்த்தோம். உப்பு அறவே கூடாது, தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. அன்னப்பழமே கேட்டாள். டாக்டர் மேசையிலிருந்த பேனாவை மூடித் திறந்து, "கோடை வரைக்கும் நல்லாப் பாத்துக்கிடுவோம் பாட்டி" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "என்னைப் பியூலாவுக்குப் பக்கத்துல வையுங்க."

பியூலா எங்கள் மகள். 1984இல் மஞ்சள் காமாலையில் போனாள். பதினொரு வயது. எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் தெற்குச் சுவர் ஓரமாக இருக்கிறாள்.

"அந்தத் தோட்டத்துக்கு ஒரு விதி இருக்கே" என்றேன்.

"இருக்குன்னு தெரியும். அதனாலதான் உங்ககிட்ட சொல்லுதேன்."

விதி 17. சபைக் கமிட்டி 1998இல் இயற்றியது. வேறு சபையில் மறுஞானஸ்நானம் பெற்றவர்கள் எங்கள் சபையின் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார்கள். அவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை. மனம் வருந்திக் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தால் மீண்டும் சேர்க்கப்படலாம்.

அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, உடல் எங்கே கிடந்தால் என்ன, சபை என்பது மண் அல்லவே என்றேன். கட்டுரையின் முதல் குறிப்பு இப்படி உதவும் என்று நினைக்கவில்லை.

"அப்பிடியா? அப்ப உங்களையும் தேரிக்கே கொண்டுபோகச் சொல்லட்டா?"

தேரி என்பது ஊரிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் தள்ளி உள்ள செம்மணல் மேடு. ஜெபக்கூடத்தார் தங்கள் ஆட்களை அங்கேதான் அடக்கம் செய்கிறார்கள். நான் டிக்கெட்டை நாலாக மடித்தேன்.

டிசம்பர் 9, திங்கள்

59.1. வலது 27, இடது 26½.

இப்போதைய கமிட்டிச் செயலாளர் ஆசீர். என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவர். மார்க்கெட் தெருவில் உரக்கடை வைத்திருக்கிறார். விதியைத் தளர்த்த வழி உண்டா என்று கேட்கப் போனேன். கடையில் இரண்டு விவசாயிகள் நின்றார்கள். "என்ன வேணும் சார்?" என்றார் ஆசீர். ஐந்து கிலோ வேப்பம் புண்ணாக்கு என்றேன். வாங்கிக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி

மறுபடியும் போனேன். இன்று கடையில் யாருமில்லை. ஐந்து கிலோ வேப்பம் புண்ணாக்கு.

அன்னப்பழம் இரண்டு பைகளையும் பார்த்தாள். "நமக்குத் தோட்டமே கெடையாது. நாலு செங்கல்லு இடத்துல ஒரு கருவேப்பிலை நிக்கி. அதுக்குப் பத்துக் கிலோவா?"

கருவேப்பிலை இலை சுருங்கியிருப்பதாகச் சொன்னேன்.

"யாரு, ஆசீர் கடையா?" என்றாள்.

அவருக்கும் எனக்கும் இடையில் ஒரு பழைய விஷயம் உண்டு. அதை இன்று எழுதச் சோர்வாக இருக்கிறது.

டிசம்பர் 16, திங்கள்

59.0.

கட்டுரையில் இரண்டாம் குறிப்பை எழுதி முடித்தேன். பதினாறாம் நூற்றாண்டு முழுவதையும் ஒரு பக்கத்தில் அடக்கியிருக்கிறேன். யார் மனமும் நோகாது. யார் மனத்திலும் எதுவும் நிற்கவும் செய்யாது.

உப்பில்லாமல் சாம்பார் வைக்கப் பழகிவிட்டேன். புளியைக் கொஞ்சம் கூட்டினால் நாக்கு ஏமாறுகிறது.

டிசம்பர் 18, புதன்

விதியிலேயே வழி இருக்கும்போது யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை என்று தோன்றியது. அவள் பெயரில் கடிதம் எழுதினேன். முதல் வரைவில் "என் தவறுக்கு மனம் வருந்துகிறேன்" என்று இருந்தது. இரண்டாவதில் "தவறு" என்பதை "செயல்" ஆக்கினேன். மூன்றாவதில் "செயல்" என்பதும் "நிகழ்ந்தது" என்று ஆனது. நான்காவதில் ஏறத்தாழ ஒன்றுமே நடக்கவில்லை. அதை எடுத்துப்போய் அவளுக்கு வாசித்தேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "நல்லா எழுதியிருக்கிய. உங்களுக்கு எழுத்து எப்பவும் நல்லாத்தான் வரும்" என்றாள்.

பேனாவை நீட்டினேன்.

"கையெழுத்து மட்டும் கேக்காதிய."

"ஒரு கையெழுத்துத்தானே, அன்னப்பழம். மனசுல என்ன இருக்குன்னு யாரு பாக்கப் போறாவ?"

"பியூலா போன பொறவு பதினாலு வருஷம் எனக்கு ஜெபம் வரல. உங்களுக்குத் தெரியாது. நீங்க குடும்ப ஜெபத்துல கண்ண மூடியிருப்பிய, நான் முழிச்சுக்கிட்டு இருப்பேன். ஆத்துல தண்ணிக்குள்ள முக்கி எடுத்தாவ பாருங்க, அன்னைக்குத்தான் வாய் தொறந்தது. அதப்போய் தப்புன்னு எழுதச் சொன்னா எப்பிடி எழுதுவேன்?"

தவறு என்ற சொல் நாலாம் வரைவில் இல்லை என்றேன்.

"அதான் சொன்னேனே. நல்லா எழுதியிருக்கிய."

நாற்பது வருடங்கள் கழித்துத் தெரிகிறது, நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்பது.

டிசம்பர் 20, வெள்ளி

அன்னப்பழம் தன் பெயரை எழுதும்போது ழகரத்தின் வாலை இடது பக்கமாக இழுத்து முடிச்சுப்போடுவதுபோல் நிறுத்துவாள். எவ்வளவு முயன்றாலும் எனக்கு அது வரவில்லை. பதினோரு தடவை எழுதிப் பார்த்த காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

டிசம்பர் 23, திங்கள்

59.6. வலது 27½, இடது 27.

கீத பவனி இந்த ஆண்டு எங்கள் தெருவிலிருந்து தொடங்கியதால் மாலை ஆறரைக்கே வந்துவிட்டார்கள். அன்னப்பழம் போர்வையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் கூடவே பாடினாள். கிதியோன் ஐயர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்து ஜெபித்தார். "இந்த வீட்டில் இருக்கிற உமது ஊழியர் சுவிசேஷமுத்து ஐயாவுக்காக ஸ்தோத்திரம்." அவ்வளவுதான். பட்டியலில் இந்த வீட்டுக்கு ஒரு பெயர்தான் உண்டு.

அன்னப்பழம் எல்லாருக்கும் முந்தி ஆமென் சொன்னாள்.

அவர்கள் போன பிறகு, "சின்னப்பிள்ள, அவருக்கு என்ன தெரியும்? பட்டியல்ல இருக்கறதத்தான வாசிப்பாரு" என்றாள். முதலில் அந்தப் பட்டியலில் இரண்டு பெயர்கள் இருந்தன. சிவப்பு மையால் ஒன்றின் மேல் கோடு போட்டவர் அப்போதைய செயலாளர். 1989 முதல் 2009 வரை செயலாளர் நான்.

டிசம்பர் 29, ஞாயிறு

தலைவலி என்று சொல்லி ஆராதனைக்குப் போகவில்லை. டிரங்குப் பெட்டியில் பழைய காகிதங்களைத் தேடினேன். பியூலாவின் ஜியாமெட்ரி பாக்ஸ் அகப்பட்டது. அதற்குள் காம்பஸ், பாதிப் பென்சில், அன்னப்பழத்தின் தாலிச் சங்கிலி. ஜெபக்கூடத்தில் சேர்ந்தபோது அவள் நகைகளையெல்லாம் கழற்றிவிட்டாள். மற்றவை உறவுக்காரப் பிள்ளைகளிடம் போயின. இதை என் கையில் கொடுத்தாள். நான் எங்கே வைத்தேன் என்று அவள் கேட்டதில்லை.

அடியில் விதி 17இன் முதல் வரைவு இருந்தது. என் கையெழுத்து. அடித்தல் திருத்தல் இல்லாமல், ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருக்கிறது. தேதிகளைக் கீழே எழுதுகிறேன்.

1998 ஜூன் 7, ஞாயிறு: அன்னப்பழம் ஆற்றில் ஞானஸ்நானம் எடுத்தாள். எனக்கு மாலையில்தான் தெரியும்.

1998 ஜூன் 8, திங்கள்: வரைவில் உள்ள தேதி.

1998 ஜூன் 14, ஞாயிறு: கமிட்டி விதியை நிறைவேற்றியது. விவாதம் இல்லை. "சார் எழுதினதுல என்ன குறை இருக்கப்போகுது" என்று யாரோ சொன்னது நினைவிருக்கிறது.

டிசம்பர் 7 அன்று "கமிட்டி இயற்றியது" என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

ஜனவரி 1, புதன்

புத்தாண்டு ஆராதனை. 59.8.

ஜனவரி 3, வெள்ளி

உரக்கடைக்குப் போனேன். ஐந்து கிலோ வேப்பம் புண்ணாக்கு என்றேன். ஆசீர் எடை போட்டுக் கட்டிவிட்டுப் பையை என்னிடம் தராமல் தன் பக்கமே வைத்துக்கொண்டார்.

"சார், நீங்க மூணாவது தடவ வாறிய. உங்க வீட்டுல என்ன தென்னந்தோப்பா இருக்கு?"

சட்டைப் பையில் காசைத் தேடினேன்.

"உக்காருங்க சார். அம்மாவுக்கு முடியலைன்னு எலிசா பாஸ்டர் சொன்னாரு. எதுக்கு வந்திருக்கியன்னு முத நாளே தெரியும். நீங்களா கேக்கட்டும்னுதான் இருந்தேன்."

கேட்டேன்.

"உங்க விதிதான சார் அது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உர மூட்டையின் விலையைச் சொல்வதுபோல் சொன்னார்.

அந்தப் பழைய விஷயத்தை எழுதிவிடுகிறேன். 2006 ஆகஸ்டில் ஆசீரின் தாயார் வெள்ளத்தாய் இறந்துபோனாள். நாற்பது வருடம் எங்கள் கோயிலைக் கூட்டிப் பெருக்கியவள். கடைசி இரண்டு வருடம் ஜெபக்கூடத்துக்குப் போய் ஞானஸ்நானம் எடுத்தாள். ஆசீர் என் வீட்டுக்கு வந்து வாசலில் நின்று, அப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க அனுமதி கேட்டார். நான் விதிப் புத்தகத்தை எடுத்துவந்து வாசித்துக் காட்டினேன். மரித்தவர் மனம் வருந்திக் கடிதம் கொடுக்க இயலாது என்பதையும் விளக்கினேன். அன்று அன்னப்பழம் உள்ளே இருந்தாள். எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

"டெம்போவுல கொண்டுபோனோம்" என்றார் ஆசீர். "மழை. தேரியில வண்டி புதைஞ்சுட்டு. நானும் எந்தம்பியும் எறங்கித் தள்ளுதோம், உள்ள அம்மா இருக்கா. கமிட்டிக்கு நான் செயலாளரா வந்தது எதுக்குன்னு நெனைக்கிய? அந்த விதியத் தூக்கத்தான் வந்தேன். வந்த பொறவு தூக்க மனசு வரல. எங்கம்மாவுக்கு இல்லாத இடம் இனி யாருக்கு இருந்தா எனக்கென்னன்னு தோணிட்டு."

நியாயம்தான் என்றேன்.

"நியாயமெல்லாம் இல்ல சார். வீம்பு." பிறகு, "திங்கக்கிழம தேரிக்குப் போறேன். நீங்களும் வாங்க. அங்கன வச்சுப் பேசுவோம்" என்றார்.

பையைத் தரவில்லை. வண்டியில் கொண்டுவருவதாகச் சொன்னார்.

ஜனவரி 6, திங்கள்

60.1. வலது 28, இடது 27½. அடுத்த வீட்டு எஸ்தரைத் துணைக்கு வைத்துவிட்டுப் போனேன்.

ஆசீரின் லோடு ஆட்டோவில் முன் இருக்கையில் உட்கார்ந்து போனேன். பின்னால் இரண்டு குடம் தண்ணீரும் என் வேப்பம் புண்ணாக்குப் பையும். கடைசி ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். மணலில் என் செருப்பு புதைந்து புதைந்து வந்தது. ஆசீர் குடங்களை வண்டியிலேயே விட்டு என்னைக் கைப்பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, திரும்பிப் போய் அவற்றையும் பையையும் கொண்டுவந்தார்.

இடத்துக்குச் சுற்றுச்சுவர் இல்லை. ஒரு பக்கம் பனை, ஒரு பக்கம் உடைமரம். கல்லறைகளை எண்ணினேன், எண்ணாமல் இருக்க முடியவில்லை. நாற்பத்துமூன்று. எல்லாம் ஜெபக்கூடத்தாருடையவை அல்ல. வெள்ளத்தாய்க்கு இடப் பக்கம் இருந்த சிலுவையில் இயேசுவின் உடல் வடித்திருந்தது, அது ஆர்.சி. முறை.

"அது யாரு?"

"கோயில்ல தாலி கட்டாமக் குடும்பம் நடத்தின ஆளு. அவிய கோயில்ல எடுக்கல. அதுக்கு அங்கிட்டு ஒரு பொம்பளப்பிள்ள, அரளி விதை தின்னது. அது நம்ம சபைதான் சார். உங்களுக்குத் தெரியும்."

தெரியும். பெயரும் தெரியும். பள்ளியில் முதல் வரிசையில் உட்காருவாள்.

"எலிசா பாஸ்டருக்கு முந்தி இருந்தவரு யாரு என்னன்னு கேக்க மாட்டாராம். குழி வெட்ட ஆள் இருக்கான்னு மட்டும் கேப்பாராம்."

ஒரே வரிசையில் மூன்று விதமான சிலுவைகள். நாலாவது ஒன்றில் சிலுவையே இல்லை, ஒரு கல் மட்டும். இதைக் குறித்துவைக்கிறேன். கட்டுரையில் எந்தக் குறிப்பின் கீழ் வரும் என்று தெரியவில்லை.

வெள்ளத்தாயின் தலைமாட்டில் ஒரு நந்தியாவட்டை நின்றது. மாதம் ஒரு தடவை இரண்டு குடம் தண்ணீர். பதினெட்டு வருடமாக. ஆசீர் மணலைக் கிளறி வேப்பம் புண்ணாக்கைப் போட்டு மூடினார். "நல்ல சரக்குத்தான் சார் வாங்கியிருக்கிய" என்றார்.

நான் விதியை எழுதிய தேதியைச் சொன்னேன். ஜூன் 8 என்று. முந்தின நாள் என்ன நடந்தது என்றும் சொன்னேன். அன்னப்பழத்திடம் ஒரு வார்த்தை பேசத் தைரியம் இல்லாததால் கமிட்டியைப் பேச வைத்தேன் என்று சொன்னேன். அதை அவரிடம் சொன்னேனா, மண்ணைப் பார்த்துச் சொன்னேனா என்று எனக்கே தெளிவில்லை.

ஆசீர் குடத்தைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரை ஊற்றினார்.

"எங்கம்மா இதக் கேட்டா, பாவம் வாத்தியாருன்னுதான் சொல்லுவா. நான் சொல்ல மாட்டேன். பன்னெண்டாம் தேதிக் கூட்டத்துல பொருளா வைக்கேன். ஆனா நான் பேச மாட்டேன். கை தூக்கவும் மாட்டேன். நீங்கதான் பேசணும்."

கூட்டத்தில் பேசுவது எனக்கு வராது என்றேன்.

"எழுத வந்துச்சுல்லா?" என்றார்.

ஜனவரி 10, வெள்ளி

60.3. மருந்தின் அளவை டாக்டர் போனில் கூட்டினார்.

பேசவேண்டியதை மூன்று பக்கம் எழுதினேன். நன்றாக வந்தது. நன்றாக வந்ததைப் பார்த்துவிட்டு மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

ஜனவரி 12, ஞாயிறு

கூட்டம் பகல் பதினொன்றுக்கு. பதினோரு உறுப்பினர்கள், தலைமையில் கிதியோன் ஐயர். ஆசீர் விதியை வாசித்தார். தன் குரலில் எதையும் ஏற்றாமல் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

எழுந்தேன். கையில் காகிதம் இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் சொன்னது இவ்வளவுதான்: "இந்த விதி சபைக்காக எழுதினது இல்ல. என் மனைவிமேல இருந்த கோபத்துல எழுதினது. அவ என்கிட்ட கேக்காம ஞானஸ்நானம் எடுத்துட்டா. மறுநாள் எழுதினேன். உங்க அப்பாமார் என் கையெழுத்த நம்பிக் கையெழுத்துப் போட்டாவ. அதுல வெள்ளத்தாய் அம்மாவை வெளியே அனுப்பினோம். இப்ப என் மனைவிக்கு இடம் வேணும். அதனாலதான் எனக்குப் புத்தி வந்திருக்கு. அதுவும் உண்மைதான்."

உட்கார்ந்தேன்.

மூத்த உறுப்பினர் ஜெயசிங் தொண்டையைச் செருமினார். "நீங்களே எழுதுவிய, நீங்களே அழிக்கச் சொல்லுவிய. இதென்ன சார், கரும்பலகையா?"

சிலர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"தெறந்துவிட்டா இடம் காணாது" என்றார் ஒருவர். "அந்தப் பக்கம் போனவன் செத்த பொறவு மட்டும் இந்தப் பக்கம் வாறதா?" என்றார் இன்னொருவர். கிதியோன் ஐயர், "வாரக் கடைசியில ஐக்கிய வாரம் வச்சிருக்கோம். சாரோட கட்டுரைக்கு அழைப்பிதழ் அடிச்சாச்சு" என்றார். அதை அவர் வாதமாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா தெரியவில்லை.

வாக்கெடுப்பு: நீக்க ஆறு, வைக்க நாலு. ஆசீர் கை தூக்கவில்லை.

பிறகு அவர் நடவடிக்கைப் புத்தகத்தை மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினார். "நீங்களே எழுதுங்க சார். அந்தக் கையெழுத்தாவே இருக்கட்டும்."

எழுதினேன். வரி மேலும் கீழுமாகப் போயிற்று. அது முடிந்ததும் மரித்தோர் பதிவேட்டை எடுத்து 2006ஆம் வருடத்துப் பக்கத்தைத் திறந்தார். ஆகஸ்டு மாதத்தில் இரண்டு பெயர்களுக்கு நடுவே இடமில்லை. ஓரத்தில் எழுதினேன். வெள்ளத்தாய், வயது 71. அடக்கம் செய்த இடம் என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தினேன்.

"தேரின்னே எழுதுங்க" என்றார் ஆசீர். "எங்க கெடக்கான்னு தெரியணும்."

வீட்டுக்கு வந்து அன்னப்பழத்திடம் சொன்னேன். கஞ்சித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்க பேசினியளா? எந்திரிச்சு நின்னா?"

"ஆமா."

"எத்தன நிமிசம்?"

"ஒரு நிமிஷம் இருக்கும்."

"இருபத்தாறு வருசத்துல ஒரு நிமிசம்" என்றாள். பிறகு தம்ளரை என்னிடம் தந்தாள். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. பசிக்கி."

தண்ணீர்க் கட்டுப்பாட்டை நினைவுபடுத்தவில்லை.

ஜனவரி 16, வியாழன்

59.2. கூட்டிய மருந்து வேலை செய்கிறது.

எலிசா வந்தார். கூடத்தில் கதவோரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆய்வதற்குக் கீரை ஒன்றும் இல்லை. அவர்கள் சத்தம் எனக்கு அதிகம்தான். கண்ணை மூடாமல் இருந்தேன்.

ஜனவரி 18, சனி

58.8. வலது 26½, இடது 26.

காலையில் அன்னப்பழம் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். ஆசீர் லோடு ஆட்டோவின் பின்புறத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிற்றால் கட்டி, அவளை அதில் உட்கார வைத்தார். நான் கீழே உட்கார்ந்து நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். அவள் ஊர்வலம் போகிறவள்போல் கை காட்டினாள்.

இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு அந்தத் தோட்டத்துக்குள் அவள் வருகிறாள். விதியில் உயிரோடு வரத் தடை இல்லை. அவளாகத்தான் வரவில்லை. பியூலாவின் கல்லறையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கையை மண்ணில் வைத்து, அப்படியே வெகுநேரம் இருந்தாள். நாங்கள் இருவரும் தள்ளி நின்றோம்.

கொண்டுபோன டேப்பால் அளந்தேன். பியூலாவுக்கும் தெற்குச் சுவருக்கும் நடுவே நாலரை அடி. ஒரு குழிக்குத்தான் இடம்.

"உங்களுக்கு எங்க?" என்றாள்.

அதை நான் யோசித்திருக்கவில்லை.

"ஒரே குழிதான் சார்" என்றார் ஆசீர். "ஆழமா வெட்டினா ரெண்டு பேர் வைக்கலாம். முந்தி வாறவங்க கீழ."

அன்னப்பழம் சிரித்தாள். மூச்சிரைத்தது; இரைப்பு அடங்கியதும் மறுபடியும் சிரித்தாள். "ரெண்டு சபையும் ஒரே குழியிலயா? எலிசா பாஸ்டரு என்ன சொல்லப்போறாரோ. சரி, இடம் இருக்குன்னு தெரிஞ்சுட்டுல்லா. இனி அவசரம் இல்ல. வீட்டுக்குப் போவோம்."

ஆசீர் ஒரு பையைப் பிரித்துப் பியூலாவின் தலைமாட்டுச் செடிக்குப் போட்டார். இன்னும் ஒரு பை வேப்பம் புண்ணாக்கு வீட்டில் இருக்கிறது.

மாலையில் கட்டுரை வாசித்தேன். மூன்று சபையாரும் வந்திருந்தார்கள். எழுதியபடியே வாசித்தேன், இரண்டாம் குறிப்பைப் பாதியாகக் குறைத்து. திருத்தி எழுத நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. கடைசியில் கைதட்டினார்கள். சபை மண் அல்ல என்ற முதல் குறிப்பை வாசித்தபோது மூன்று பக்கத்திலிருந்தும் ஆமென் வந்தது. ஆர்.சி. சாமியாரும் தலையசைத்தார். நாலாவது வரிசையில் ஆசீர் மட்டும் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 19, ஞாயிறு

58.7.

இரண்டாம் குறிப்பு பலவீனமானது, ஆனால் பிழையில்லை. மூன்றாவதைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டும். விதிகள் வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. விதி எழுதுகிறவன் முந்தின நாள் எப்படித் தூங்கினான் என்று யாராவது கேட்டால் நல்லது. முழு ஒருமை இனிமேல்தான் வரும் என்ற ஐந்தாவதைப் பற்றி எழுதப் பேனாவை எடுத்தேன், தேரியில் ஒரே வரிசையில் கண்ட அந்தச் சிலுவைகள் நினைவுக்கு வந்தன, வைத்துவிட்டேன்.

முதல் குறிப்பு தவறு. யாரும் மறுக்க மாட்டார்கள் என்பதற்காகவே அதை முதலில் வைத்தேன். நேற்றும் யாரும் மறுக்கவில்லை. பஸ்ஸில் அன்னப்பழத்தின் வாயை அடைக்க நான் எடுத்ததும் அதுதான். வெள்ளத்தாயை வெளியே அனுப்பியபோது ஆசீரிடம் நான் கடைசியாகச் சொன்ன ஆறுதலும் அதுவே என்பது இன்று காலை சட்னிக்குத் தேங்காய் துருவும்போது நினைவுக்கு வந்தது. சபை மண்ணும்தான். நாலரை அடி.